கையை மூடிக் காட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, தெரிந்துவிட்டது. என் போனை எடுக்காமல் டிமிக்கி கொடுக்கிறாய் அல்லவா? அதனால்தான் ஜெர்சி வாங்க இங்கே வந்த உங்கள் அணி வேன் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை ஃபைனல், கோல்கீப்பர் நம்ம பையன்தான்" என்று பால்காரரைக்கூட விடவில்லை. ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பயிற்சியில் உன் கை எலும்பு முறிந்ததே அவருக்குத் தெரியாது.

நேற்று நீ அவருக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டைக் காணோம்! ஓட்டுநரைக் குடைந்து கேட்டேன். வாளித் தண்ணீரில் ஊறவைத்து நீயே வெட்டி எடுத்தாயாம். பயிற்சியாளரிடம் விரல்களை நீட்டிக் காட்டினாயாம், நேராக இருந்ததாம், அவரும் ஆடு என்றாராம். அடப்பாவி!

ஆஸ்பத்திரி மாவுக்கட்டு அறையில் தினமும் நான் பார்ப்பது இதைத்தானேடா. உள்ளங்கை எலும்பு திருகிக்கொண்டு ஒட்டினாலும், நீட்டினால் விரல் ஒழுங்காகத்தான் தெரியும். மடக்கினால்தான் குட்டு வெளிப்படும். வீடியோவில் நீ முஷ்டியை உயர்த்துகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். மோதிர விரல் சுண்டு விரல்மேல் ஏறிக் கிடக்கிறது. எங்கள் டாக்டரிடம் காட்டினேன். "இன்னும் முழுசா ஒட்டியிருக்காது, இப்பவே வந்தா நேராக்கிடலாம். இதோட விளையாடினா, அப்புறம் எலும்பை மறுபடி வெட்டித்தான் சரி பண்ணணும்" என்றார். பழையபடி பந்தைப் பிடிப்பானா என்று கேட்டேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

இரண்டு விரலையும் சேர்த்து டேப் சுற்றி, மேலே கையுறையை மாட்டிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? கையுறை பயிற்சியாளர் கண்ணை மறைக்கும், அவ்வளவுதான். பந்து வந்து மோதினால் எலும்புதான் வாங்க வேண்டும்.

உனக்குப் பதில் நிற்பவன் இடத்தைப் பிடித்துவிடுவான் என்று பயப்படுகிறாய். பிடித்தாலும் பிடிப்பான், நான் பொய் சொல்லமாட்டேன். எலும்பு சேர்ந்து, முறிந்த கையின் பிடி நல்ல கைக்குச் சமமான பிறகு போய் மல்லுக்கட்டு. அதற்குக் கை வேண்டுமே!

இதைப் படித்த கையோடு பயிற்சியாளர் முன்னால் போய்க் கையை மூடிக் காட்டு. இல்லையென்றால் சனிக்கிழமை நானே அவரிடம் பேசுவேன். ஜென்மத்துக்கும் நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய். பரவாயில்லை.

அப்பாவின் டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மைதானத்தில் உன்னைத் தேடும்போது, கட்டுப்போட்ட கையோடு அவர் பக்கத்து இருக்கையில் நீ இருக்க வேண்டும். அழுகை வந்தால் அவர் தோளிலேயே அழுதுவிடு, கண்ணா. அவர் தாங்கிக்கொள்வார்.

உன் இரண்டு கையும் நன்றாயிருக்க வேண்டும் என்று கும்பிடும்,
அக்கா