கம்பத்துக் கூடு

அக்கா,

இன்று காலை தூண்டிலுக்கு இரையாகப் போடும் மீன் பெட்டியைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. சாண்டி ஹூக் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு தூண்டில் கடையில் இப்போது வேலை பார்க்கிறேன். பீட்சா டெலிவரியை விட்டுவிட்டேன், காலேஜை விட்ட மாதிரியே. நீங்கள் இருந்தால், "இதையாச்சும் ஒரு வருசம் முழுசாப் பாப்பியா தம்பி?" என்று கேட்டிருப்பீர்கள். எண்ணெய் வடிகிற மீன். கம்பத்து மேல் உட்கார்ந்து அந்தப் பறவை கிழித்துத் தின்னுமே, அதே மீன். நீங்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். கண்ணை மட்டும் எடுக்க மாட்டீர்கள்.

99 மார்ச். எடிசனில் எங்கள் வீட்டுக்கு மேல் வீடு உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரர் திங்கட்கிழமை ஃப்ளைட் ஏறினால் வியாழக்கிழமைதான் திரும்புவார். உங்களுக்கு வேலை செய்ய விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது. "சும்மாதான இருக்க, அவங்களக் கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்று அம்மா என்னை அனுப்பினாள். காரில் ஏறியதும் நீங்கள், "கடைக்கு வேண்டாம் தம்பி, கடலுக்குப் போலாமா?" என்றீர்கள்.

சதுப்பு நிலத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு பலகை. ஆஸ்ப்ரே என்று பக்கத்தில் போர்டு வைத்திருந்தார்கள். விராலடிப்பான் என்று தமிழில் பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நமக்கு அது மீன்பருந்து. ஆண் மட்டும் வந்திருந்தது. குச்சி, காய்ந்த பாசி, யாரோ எறிந்த பிளாஸ்டிக் கயிறு என்று கண்டதையும் தூக்கிவந்து அடுக்கியது. குளிர்காலத்தில் ஜோடி தெற்கே ஆளுக்கொரு இடத்தில் இருக்கும், வசந்தத்தில் இதே கூட்டில் வந்து சேரும் என்று போர்டில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"எங்கூட்டுக் கதையாட்டவே இருக்குது" என்றீர்கள்.

அடுத்த வாரம் பெண்ணும் வந்துவிட்டது. அதன்பிறகு வாரம் தவறாமல் போனோம். நீங்கள் பைனாகுலரோடு மணிக்கணக்கில் உட்காருவீர்கள். என்னால் முடியாது. நடப்பேன், கிளிஞ்சலை எறிவேன், காருக்குப் போய்ப் பாட்டுப் போட்டுவிட்டு வருவேன். "கால்ல என்ன எறும்பா கடிக்குது? ஒரு எடத்துல உக்காரு" என்று அதட்டுவீர்கள்.

மே மாதம் பெண் முட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மழையிலும் நனைந்துகொண்டு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "எட்டு மாசத்துல எம்பொண்ண அம்மாகிட்ட விட்டுப்போட்டு வந்தேன். ஒரே வருசம்னாங்க. கிரீன் கார்டு வரட்டும், ப்ராஜெக்ட் ஒரு எடத்துல நிக்கட்டும்னு இப்ப மூணு வயசாகப் போகுது. எங்கம்மாவத்தான் அம்மாங்கறா. என்னைய 'போன் அம்மா'ங்கறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நான் எழுந்து நடக்கப் போய்விட்டேன்.

ஜூனில் மூன்று தலைகள் தெரிந்தன. அப்பன் மீனைக் கொண்டுவந்து போடும், அம்மா நூல் நூலாகக் கிழித்து ஊட்டும். ஜூலையில் இரண்டு பறந்துவிட்டன. மூன்றாவது கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருநாள் காற்று தூக்கிவிட்டது. நீங்கள் கைதட்டினீர்கள். பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரும் என்னவென்று தெரியாமல் கைதட்டினார்.

ஆகஸ்டில் போனபோது அம்மாவைக் காணோம்.

"எங்கடா அவ?"

"கிளம்பிட்டா. பொம்பளப் பறவைதான் முதல்ல போகும். போர்டுல போட்டிருக்கு."

"அதென்ன? புள்ளைக இன்னும் சொந்தமா ஒரு மீன் புடிக்கல!"

"அப்பன் இருக்கான்ல, கொண்டாந்து போடுவான். அதுங்களுக்கு இதுதான்க்கா வழக்கம்."

"பறவைக்குச் சரி" என்று பைனாகுலரைக் கீழே வைத்தீர்கள். "நீ எப்ப இங்க வந்தே?"

"ஒம்போது வயசுல. அதுவரைக்கும் பெரியம்மா வீட்ல, சென்னைல. நெவார்க் ஏர்போர்ட்ல எங்கம்மா கட்டிப்பிடிச்சாங்க. நான் 'விடுங்க ஆன்ட்டி'ன்னேன்."

சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினீர்கள்.

"இப்பச் சரியாயிருச்சா?"

"அம்மான்னு கூப்பிடறேன். அவ்ளோதான்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் நிறுத்தி, "டிக்கெட் போட்டுட்டேன். அவருகிட்ட இன்னும் சொல்லல. ஏர்போர்ட்டுக்கு நீதான் கொண்டுபோய் விடோணும்" என்றீர்கள்.

செப்டம்பரில் உங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். முதல் மாதம் அவள் அழுத அழுகை கீழே எங்கள் வீடு வரை கேட்டது. "பாட்டிகிட்டப் போகணும்" என்று கதவை உதைப்பாள். என் அம்மா, "இதுக்கு அங்கயே விட்டிருக்கலாம்" என்றாள். "நீ சொல்லாத" என்றேன். அப்புறம் அழுகை குறைந்தது. எந்த நாளில் நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு அடுத்த இலையுதிர்காலம், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். பனி விழும் முன்பே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த கையோடு உங்கள் வீட்டுக்காரர், "பாப்பாவக் கோயம்புத்தூர்ல விட்டுடறேன், வேற வழியில்ல" என்றார். நான் ஏர்போர்ட் கதையைச் சொன்னேன். என் அம்மா அதே ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்க நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீ யாருடா எனக்குச் சொல்ல?" என்றார்.

"அப்படி வந்தவன்ணா."

என் அம்மா எழுந்து அவரிடம் போய், "பகல்ல நான் பாத்துக்கறேன். நீங்க ராத்திரி வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேல பாருங்க" என்றாள். இப்போது அவர் தினமும் ரயிலில் போய்வருகிற தூரத்தில் வேலை பார்க்கிறார். சமையல் கேவலம். ஆனால் இருக்கிறார்.

போன சனிக்கிழமை இந்தியக் கடையில் பில் போடுகிற ஆன்ட்டி, "அம்மா வரலையா கண்ணா?" என்று பாப்பாவைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், தமிழில் சொன்னாள்: "எங்கம்மா செத்துட்டாங்க. அவங்க கால் ரொம்ப ஜில்லுன்னு இருக்கும். தூங்கறப்போ என் மேல வெச்சுப்பாங்க."

இது எங்களில் யாருக்கும் தெரியாது அக்கா. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.