றுவைஸின் கோப்பையில் கை வைக்க ஆளில்லை

அனுப்புநர்:
அபூதாஹிர் சித்தி ஹாஜறா,
பாலத்தடி ஒழுங்கை,
குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
சமூக சேவைகள் திணைக்களம்,
திருகோணமலை.

பொருள்: சீனன்குடா ‘நிழற்குடை’ தற்காலிகப் பராமரிப்பு இல்லத்தில் என் தம்பி பட்டினி கிடந்தமை பற்றியும், இம்மாதம் 24ஆம் திகதிக்கு முன் ஓர் ஒழுங்கு செய்து தரக் கேட்பது பற்றியும்.

கனம் ஐயா அவர்களுக்கு,

நான் இடியப்பம் அவித்து விற்கிற மனுசி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விசயத்தில் பிழை இல்லை.

1. என் தம்பி அபூதாஹிர் றுவைஸுக்கு வயது முப்பத்தாறு. பிறப்பிலேயே புத்தி வளர்ச்சி குறைவு. ஆளைப் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருப்பார், மனம் ஐந்து வயதுப் பிள்ளை. எதைக் கேட்டாலும் “ஓம்” என்பார். “உனக்குக் கல்யாணமா?” என்றாலும் ஓம், “உன்னைக் கடலில் போடவா?” என்றாலும் ஓம். நான் நாள் முழுக்க இப்படிக் கேட்டு அவரைச் சிரிக்கவைக்கிறனான். உம்மா, வாப்பா, என் கணவர் எல்லாரும் மௌத்தாகிப் போய்விட்டார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் நானும்தான்.

2. ஜூலை மாதம் எனக்கு மார்பில் கட்டி என்று கொழும்புப் பக்க ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்காகத் தம்பியைப் பதினான்கு நாளுக்கு ‘நிழற்குடை’யில் விட்டனான். பொறுப்பாளர் படிவம் நிரப்பும்போது, சாப்பாட்டுக்கு உதவி வேணுமா என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்காது. “சாப்பாட்டுக்கா? விட்டால் சோற்றுக் கோப்பையையும் சேர்த்துத் தின்பான், கவனம்” என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், றுவைஸும் சிரித்தார். படிவத்தில் “உதவி தேவையில்லை” என்று எழுதினார். கீழே ஒப்பம் வைத்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை.

3. நான் சொல்லாமல் விட்டது இதுதான். எங்கள் வீட்டில் சாப்பாடு சஹனில். ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து எல்லாரும் அதிலேயே சாப்பிடுவது. மற்ற வீடுகளில் இப்போது விருந்துக்கு மட்டும். எங்கள் வீட்டில் வாப்பா காலந்தொட்டு தினமும். இன்னொருவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்தால்தான் றுவைஸும் கை வைப்பார். இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விடுகிறதைப் படிவத்தில் யார் எழுதுவார்?

4. அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது இல்லத்தில் வேலை செய்கிற கஜந்தி என்ற பிள்ளை. பதினாறு பேரைப் பார்க்க அந்தப் பிள்ளை ஒருத்திதான். முஸ்லிம் ஆள், இல்லத்துக் குசினியில் சமைக்கிறது சரிவராது என்று மரியாதையாக யோசித்துத் தம்பிக்குத் தனி மேசை போட்டிருக்கிறார்கள். கிண்ணியாக் கடையில் பார்சல் எடுத்திருக்கிறார்கள். புதுக் கோப்பையும் வாங்கினார்களாம். அவர் அந்தக் கோப்பைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். “சாப்பிடுங்கோ அண்ணை” என்றால் ஓம். “போதுமா அண்ணை” என்றால் அதற்கும் ஓம். அரைமணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடுவார்கள். பதிவேட்டில் சாப்பிட்டார் என்று அடையாளம் போடுவார்கள். அடுத்தவர் கோப்பையில் கை வைப்பது கஜந்தியின் வீட்டில் மரியாதைக் கேடு. அந்தப் பிள்ளை எப்படி வைக்கும்?

5. தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் உள்ளே போயிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் முற்றத்தில் விழுந்தவருக்குச் சேலைன் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு அறிவிக்கவில்லை. சுகமில்லாத என்னைக் கலவரப்படுத்தக் கூடாதாம். போகும்போது அறுபத்தொரு கிலோ, வரும்போது ஐம்பத்துநாலு. காற்சட்டையைக் கயிற்றால் கட்டிவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் “ராத்தா, ஒருத்தரும் வரேல்லை” என்றார்.

6. இல்லத்துக்கு முறையிட்டேன். “பாதுகாவலர் ஒப்பமிட்ட படிவத்தின்படி உதவி தேவையில்லை. உணவு உரிய நேரத்தில் வழங்கப்பட்டது. உண்ணாமை அவரது சுயவிருப்பம்” என்று பதில் வந்தது. ஐயா, நோன்புக்கும் திறக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது.

7. வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறிய பிறகு அவரைத் தனியாகச் சாப்பிடப் பழக்கிப் பார்த்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். சோறு காயும் வரைக்கும் சும்மா இருந்தார். இரண்டு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் அவர் கோப்பையைத் தரையில் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு கதவடிக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் என்னால் ஏலாமல் போய்விட்டது.

8. வருகிற 24ஆம் திகதி எனக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை. இனிப் பிற்போட ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளாவது ஆகும். அயலில் உள்ளவர்கள் ஒரு நேரம் வந்து இருப்பார்கள், இரண்டு நேரம் இருப்பார்கள். அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. எனக்குத் தெரிய இந்தப் பக்கத்தில் இப்படி ஆளை விட்டுப் போக வேறு இடமும் இல்லை.

ஆகையால் நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒரு ஆள். மூன்று நேரமும் தம்பிக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய கோப்பையில் முதல் பிடி எடுக்கக் கூச்சப்படாத ஒரு ஆள். கிழமைக்கு ஒரு தடவை அவருடைய நிறையைப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும், நான் கட்டிலில் கிடந்தாலும் சொல்ல வேண்டும். இனிமேல் யாரையும் சேர்க்க முன், வீட்டுக்கு வந்து ஒரு நேரச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டுப் படிவம் எழுதட்டும். என்னைப் போல் வாயாடிகள் சொல்வதை நம்பி எழுத வேண்டாம். கஜந்தி மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். உண்மையைச் சொன்னது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

22ஆம் திகதி பின்னேரத்துக்குள் ஒரு வழி வராவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன். இது வெருட்டு அல்ல ஐயா. போனால் அவர் பத்து நாள் தாங்கமாட்டார். போகாவிட்டால் நான் இருக்கும் வரைக்குமாவது சாப்பிடுவார். அதற்குப் பிறகு என்ன என்று யோசித்து யோசித்து எனக்கு விடை கிடைக்கவில்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தாருங்கள். இல்லையென்றால், இல்லை என்பதை நேரத்தோடு சொல்லிவிடுங்கள். என் கட்டிலுக்குக் காத்திருக்கிற வேறொரு பெண்ணுக்காவது நாள் வீணாகாமல் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை நம்பியிருக்கும்,
அ. சித்தி ஹாஜறா

இடம்: குறிஞ்சாக்கேணி
திகதி: 2025.09.08