அவளுக்கென்று அவித்த முட்டை

சித்தாண்டி,
வெள்ளி மாலை.

அன்புள்ள யோகராணி,

உமது முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம். வாவிக் காற்றில் இருமல் மட்டும் விடவில்லை.

காய்ச்சலோடு ஒரு பிள்ளையை ஓடவிட மறுத்ததற்காக என்னைப் பருத்தித்துறையிலிருந்து இங்கே தூக்கியடித்தவர்கள் இதையும் கேட்டால் மகிழ்வார்கள். மாவட்டப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் என் மாணவி விதுர்ஷாவை நானே மறித்துவிட்டேன். வெல்லவேண்டுமென்று முருகனுக்கு நேர்த்தி வைத்து, முதல்நாளிலிருந்து பட்டினி கிடந்திருக்கிறாள். கோட்டில் நிற்கும்போதே கால் நடுங்கியது.

"விழுந்தாலும் பரவால்ல சேர், ஓட உடுங்க" என்றாள்.

தாய் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "முருகன் ஓட வெச்சிருப்பார். நீங்க ஆர் சேர் மறிக்க?"

பள்ளி அதிபரும் அதற்குத் தலையாட்டினார். அதை நான் மறக்கமாட்டேன்.

பெரிதாக ஒன்றுமில்லை, யோசிக்காதேயும். வீட்டில் அவளைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களில்லை, அவ்வளவுதான்.

இருமல் மருந்தும் கூழுக்கு ஒடியல் மாவும் யாரிடமாவது கொடுத்துவிடும். மா கொஞ்சம் கூடவே வேண்டும். என் கூழ் அவளுக்குப் பிடிக்கும்.

மைதானத்துக்குப் போகுமுன் தினமும் அவளுக்கென்று ஒரு முட்டை அவிப்பேன். இன்றும் கொண்டுபோனேன். மத்தியானம் நானே தின்றேன்.

கடிதம் கொண்டுவரும் ஆசிரியர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார். நாளைக்கும் அவிப்பேன்.

உமது,
கணேசலிங்கம்