மாணிக்கம் மாமா பாய்ச்சிய தண்ணீர்

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்த என் தம்பி செல்வத்துக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது. எழுதினால் சிரிப்பாய். நீ இருந்தவரை உன்னிடம் பேசித் தீர்த்த வாய் இது, இப்போது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். ஊரே கூட இருந்து கேட்டாலும் கேட்கட்டும்.

அம்மா இப்போது ஓரளவு சாப்பிடுகிறாள். நான் பக்கத்துத் தெருவில் வாக்கப்பட்டது நல்லதாய்ப் போயிற்று, தினமும் போய் மிரட்டிச் சாப்பிடவைக்கிறேன். போதுமா? நீ கேட்கப்போவது கழனியைப் பற்றித்தான். எனக்குத் தெரியாதா?

கழனியிலிருந்து கிளம்பும் வாயுவை அளக்கிறேன், அதுதான் என் ஆராய்ச்சி என்று நீ நம் நிலத்திலேயே வந்து இறங்கியபோது ஊர் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிப் பெட்டியைப் பயிர்மேல் கவிழ்த்து, ஊசியால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, சின்னச் சின்ன பாட்டிலில் அடைப்பாய். வரப்பில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. நைனார்பாளையத்துக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "இன்னாப்பா, பயிருக்கு ஆக்சிஜன் வெச்சிக்கினு கீறியா?" என்பார்கள். நீயும் சளைக்காமல், "இல்லீங்க, சேறு வுடற மூச்ச புடிச்சிக்கினு இருக்கறேன்" என்பாய். அன்றிலிருந்து நீ ஊருக்குப் பொட்டிக்காரன்.

எனக்குப் புரியும்படி நீ சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது. கழனியில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் சேற்றுக்குள் காற்று போகாது. காற்று வேண்டாத நுண்ணுயிர்களுக்கு அப்போதுதான் கொண்டாட்டம். மட்காத தழையைத் தின்று மீத்தேன் வாயுவை விடும், அது நெல் தண்டுக்குள் புகுந்து மேலே வரும், வெயில் ஏற ஏற ஜாஸ்தியாகும். பூமியைச் சூடாக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. நடுவில் கொஞ்ச நாள் தண்ணீரை வடித்துக் காயவிட்டால் அடங்கும். இதைக் காட்டத்தான் மேல்துண்டை அவ்வப்போது வடித்துக் காயப்போட்டாய், கீழ்துண்டில் எப்போதும் தண்ணீரை நிறுத்தினாய்.

சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பி அளவு கெடும் என்று பலகை போட்டு, பெற்ற அப்பாவையே அதன்மேல் நடக்கவைத்தவன் நீ. அவரும் உனக்காக நடந்தார். வெடித்த கழனியைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று என்னிடம் மட்டும் முணுமுணுப்பார்.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. படுத்தவன் எழவே இல்லை. மேல்துண்டு காயத் தொடங்கியிருந்த நேரம் அது.

நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டார் கருமாதி முடியும்வரை கழனியில் கால் வைக்க மாட்டார்கள். வரப்புக்கு வரப்பு இருக்கிறவர் கேட்காமலே தண்ணீர் பார்ப்பார். நமக்கு அது மாணிக்கம் மாமா. பாவம், மேல்துண்டு வெடித்துக் கிடப்பதைக் கண்டு பதறிவிட்டார். தன் கரும்பைக் காயவிட்டு, மோட்டாருக்குக் கரண்ட் வந்த நேரமெல்லாம் நம் கழனிக்கே பாய்ச்சினார். வரப்பு முட்ட நிரப்பினார்.

கருமாதி முடிந்து உன்னோடு படித்த ரேவதி பாட்டில்களோடு வந்தாள். நாங்கள் இருவரும் கழனிக்குப் போனோம். மேல்துண்டும் கீழ்துண்டும் ஒன்றுபோலப் பளபளவென்று கிடந்தன. அவள் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் போகம் கணக்குல வராதுக்கா. மேல்துண்டு காஞ்சிருக்கணும். இன்னொரு போகம் இதேமாதிரி செஞ்சாத்தான் செல்வம் ஆரம்பிச்சது முழுசாகும்."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னுடையது என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் மூழ்கடித்துவிட்டாரே என்று விறுவிறுவென்று மாமா வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "பயிரப் பத்தி கவலப்படாதம்மா. வாடவே வுடல. வாடினா அந்தப் புள்ள மனசு தாங்குமா?" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்டா. வேறு என்ன செய்ய?

அடுத்த போகம் வந்தது. மறுபடியும் காயவிட வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "போனவன் போயிட்டான். வெடிச்ச கழனிய பாக்கற தெம்பு எனக்கு இல்லம்மா" என்றார். அம்மாவைக் கொண்டும் கேட்கவைத்தேன், அதற்கும் அசையவில்லை. நட்டு முடித்தார், இரண்டு துண்டிலும் தண்ணீரைக் கட்டினார். உன் வேலை அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் ஒன்று செய்தேன். அடியில் ஈரம் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்க நீ மேல்துண்டில் புதைத்துவைத்த ஓட்டைக் குழாய் அப்படியே இருந்தது. அப்பாவைப் பலகைமேல் கூட்டிப் போனேன். "ஒரே ஒரு தடவ வடிச்சிப் பாக்கலாம்ப்பா. பயிரு வாடற மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே பாய்ச்சிடலாம்" என்றேன். குனிந்து ஒரு பயிரை நீவிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து அவரே மடையை வெட்டினார்.

மேலே மண் வெடித்ததும் அப்பா தூங்கவே இல்லை. விடிந்ததும் என்னைக் கூட்டிப் போய்க் குழாய்க்குள் குச்சியை விட்டார். எடுத்தால் நுனி நனைந்திருந்தது. ஈரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மேலதான் காஞ்சிருக்குது. அடியில இருக்குது" என்றார். அதற்கப்புறம் அவரிடம் நான் எதையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அன்றே மாணிக்கம் மாமா ஓஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா மச்சான், மோட்டார் கெட்டுப்பூட்ச்சா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அப்பா அவர் தோளிலிருந்து ஓஸை இறக்கிவைத்தார். "வேணாம் மச்சான். பையன் காயட்டும்னு சொல்லி இருக்கறான்."

சொல்லியிருந்தான் என்று அவர் சொல்லவில்லை. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன், மறைக்கவில்லை.

மாமாவுக்கு மெல்லத்தான் உறைத்தது. "அப்ப... போன தடவ நான் பாய்ச்சினது?"

"எங்க வூட்ல அன்னிக்கு யாருக்கு பயிரு ஞாபகம் இருந்திச்சி? உனக்கு இருந்திச்சி. வுடு."

மாமா ஓஸைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் நம் வரப்புப் பக்கமே வரவில்லை. ரேவதி வந்து அளந்துவிட்டு, "மேல்துண்டுல கம்மிதான்க்கா" என்று முகமெல்லாம் சிரித்த அன்றுகூட வரவில்லை. காய்ந்த நிலத்தில் யூரியா போட்டால் சிரிப்பூட்டும் வாயு கிளம்பும், அதுவும் பூமியைச் சூடாக்கும், அதையும் பார்க்க வேண்டும் என்றாள். ஒன்றை அடக்கினால் இன்னொன்று. சின்ன வயசில் நீயும் இப்படித்தான்.

நேற்று மத்தியானம் கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டியது. மேல்துண்டு மறுபடி காய வேண்டிய நேரம். மடையைத் திறக்கவில்லையே என்று அப்பாவும் நானும் நனைந்துகொண்டே ஓடினோம். அங்கே மாணிக்கம் மாமா முன்னாலேயே நின்றிருந்தார். மடை வெட்டியிருந்தது, மேல்துண்டுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. மடையில் அடைத்துக்கொண்ட பழைய தாளடிக் கட்டைகளை மண்வெட்டியால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தலையில் ஒரு சாக்குக்கூட இல்லை.

என்னைப் பார்த்ததும் குனிந்து தன் காலைக் காட்டினார். "பலக மேலதாம்மா நிக்கறேன். சேத்துல கால் வெக்கல. அவங்கிட்ட சொல்லு."

சொல்லிவிட்டேன் தம்பி.

ரேவதி அடுத்த வாரம் வருகிறாள். ஏரிக்கரைச் சேற்றையும் அளக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாயே, அதற்கும் அவளோடு நான் போவேன். மேல்துண்டு காய வேண்டிய நாளில் காயும், நனைய வேண்டிய நாளில் நனையும். அப்பா, மாமா, நான் என்று மூன்று பேர் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம்.

உன் பொட்டிக்கு இன்னும் நேரம் பார்த்துச் சொல்லும்,
உன் அக்கா.