ஜோடிப் போட்டி

என் பிடிவாதக்காரிக்கு,

நீ நம்பமாட்டாய், நான் ஊர் சுற்றுகிறேன்! "உங்களை நகர்த்த கிரேன்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு என்செனாடாவுக்கு, உன் தங்கை வீட்டுக்குப் போனாயே, அதன்பிறகுதான். பாறைப் பிளவில் கடல் சீறி எழும் இடத்தில், குடையை விரிக்காமல் தொப்பலாக நனைந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பாய்.

நேற்று குவாதலூபே பள்ளத்தாக்கில் ஒயின் பண்ணைகளுக்குப் போனேன். கடைசிப் பண்ணையில், அறுவடை விழாவின் திராட்சை மிதிக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றேன். பண்ணைக்காரி எதெல்வினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாத்தியாரே, நீங்களா? சாக்ஸோட மிதிக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"இது ஜோடிப் போட்டி. ஒருத்தர் பீப்பாய்க்குள்ள மிதிக்கணும், இன்னொருத்தர் வெளியில குனிஞ்சு, சாறு வர்ற குழாயை அடைக்கிற திராட்சைத் தோலை எடுத்துவிடணும். வீட்டம்மா எங்க?"

"வருவாள்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ! அவளும் உன் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டி. நீ மிதி, நான் குனிந்து தோல் எடுக்கிறேன். பண்ணைக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் விடிந்ததிலிருந்தே நிற்பேன்.

நீ வராவிட்டால் தனியாக மிதித்துத் தோற்பேன். ஆனால் பீப்பாய்க்குள் இறங்குவேன்.

உன் கிழவன்