சாப்பாட்டுக்குப் பின் ஸுபைதாவின் தேத்தண்ணி

1978 மார்ச் 4
காமில் வந்திறங்கினான். என் மனைவி ஸுபைதாவின் மாமி மகன். அவளைக் கட்ட வேண்டியவன் லண்டனுக்குப் படிக்கப் போனான். பதுளை பஜாரில் கருவாடு விற்ற நான் கட்டினேன். இப்போது பெரிய விஞ்ஞானியாம். முதலில் உயிர் இரசாயனம் என்று இலையைப் பிழிந்தான். பிறகு கொழும்பில் உணவு ஆராய்ச்சி என்று பருப்பை இடித்தான். இப்போது மருத்துவ பீடத்தில் இருந்துகொண்டு மனுசரைக் குத்துகிறான். ஒரு தொழிலில் நிற்கத் தெரியாதவன் என்றேன்.

"நீங்க கருவாட்ட விட்டு எங்க போனீங்க?" என்றாள் அவள். அவன் சிரித்தான். அதுதான் பிடிக்கவில்லை.

மார்ச் 5
ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் ரத்தம் எடுக்கிறான். கீரை தின்றும் ஏன் ரத்தம் ஊறவில்லை என்று பார்க்கிற ஆராய்ச்சி. போகிற போக்கில் ஸுபைதாவின் விரலையும் பிடித்துக் குத்தினான். ஒரு விரலை எவ்வளவு நேரம் பிடிப்பது?

மார்ச் 7
அவளுக்கு ரத்தம் குறைவாம். தலைச்சுற்று அதனால்தானாம். "சோறு தின்ன கையோட தேத்தண்ணி வேணாம் மச்சான். கீரையில இருக்கிற இரும்புச் சத்த தேயிலைச் சாயம் பிடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேராது. ரெண்டு மணித்தியாலம் கழிச்சுக் குடிக்கட்டும்" என்றான். தோட்டத்துப் பெண்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறானாம்; அவளையும் அந்த ஆராய்ச்சிக் கணக்கில் சேர்த்து மூன்று மாதத்தில் மறுபடியும் குத்துவானாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது நான். கலியாணமான வாரத்திலிருந்து நான்தான். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து ஊற்றுவேன். பால் விடாத கட்டிச் சாயம், கடிக்க ஒரு துண்டு கருப்பட்டி. வேறென்ன செய்தேன் அவளுக்கு? நகை செய்து போட்டேனா?

மார்ச் 8
கோப்பையை வைத்தேன். தள்ளிவிட்டாள். "காமில் சொன்னானே."
காமில் சொன்னானே, காமில் சொன்னானே! அப்ப நான் யாரு? கோப்பையைத் திருப்பிக் கொண்டு போனேன்.

மார்ச் 19
அவன் கொழும்புக்குப் போய்விட்டான். அவன் பேச்சு போகவில்லை. இரும்புச் சத்து உடம்பில் சேரக் கீரையில் தேசிக்காய்ப் புளி பிழிகிறாள் – அதுவும் காமில் சொன்னதாம்.

மார்ச் 21
ஒரு வேலை பார்த்தேன். "பக்கத்து மருந்துக் கடைக்கு காமில் போன் பண்ணினான். இனிக் குடிக்கலாமாம், அவன் பார்த்தது பிழையாம்" என்றேன், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.
"அப்ப ஊத்துங்க."
பெரிய விஞ்ஞானி!

ஏப்ரல் 30
படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் என்றாள். வெயில்தான்.

ஜூன் 10
காமில் வந்தான். தோட்டத்துப் பெண்களுக்கு ரத்தம் ஏறியிருக்கிறது. பெரியாயி என்று ஒருத்தி, மூச்சு வாங்காமல் மலை ஏறுகிறாளாம். ஸுபைதாவுக்கு மட்டும் முன்னைவிடக் குறைவு. அவன் முகம் கறுத்துவிட்டது. "தேத்தண்ணிய விட்டும் கொறையுதே, வயித்துக்குள்ள எங்கயோ ரத்தம் கசியுது போல மச்சான். கொழும்புக்குக் கூட்டிப் போய்க் குழாய் விட்டுப் பாக்கணும். சில நேரம் ஒப்பரேஷனும் வேண்டி வரும்."
ஐயோ, என்ன பண்ணித் தொலச்சேன்?

ஜூன் 11
சொல்லிவிட்டேன். கடைக்குப் பின்னால் கருவாட்டு மூட்டை மேல் அவனை உட்கார வைத்து. "போன் ஒண்டும் வரல்ல. நான்தான் ஊத்தினேன், தினமும்."
அடிப்பான் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டான். "இவ்வளவு காலம் படிச்சேன் மச்சான். ஒங்களப் பத்தி ஒரு பக்கமும் படிக்கல்ல."

பிறகு ஸுபைதாவிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.
"தெரியும். கொழும்புல இருந்து ட்ரங்க் கோல் எடுக்கக் காசு குடுக்கிற ஆளா காமில்? மாமி வீட்டுக் கஞ்சத்தனம் எனக்குத் தெரியாதா?"
"தெரிஞ்சா ஏன் புள்ள குடிச்ச?"
"அண்டைக்குக் கோப்பையத் திருப்பிக் கொண்டு போனீங்களே. அந்த மொகத்த ரெண்டாந்தரம் பாக்க ஏலாம."

செப்டெம்பர் 17
இப்போது தேத்தண்ணி நாலு மணிக்கு. அவளே கோப்பையை எடுத்து வைத்துவிட்டுக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். காமில் மூன்றாம் தரம் குத்திப் பார்த்தான். ஏறியிருக்கிறது. நல்லவன்தான் – எழுதக் கை கூசுகிறது. நான் கெடுத்துவிட்டதால் அவளை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாதாம். வருத்தமாகச் சொன்னான். நானும் வருத்தமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவன் ஆராய்ச்சியில் ஸுபைதா இல்லை. இன்றைக்குக் கருப்பட்டி இரண்டு துண்டு வைத்தேன்.