விமானத்தில் காய்ந்த வடகம்

நைனார்பாளையம்,
14.5.1972

அன்புள்ள அண்ணன் வீரமுத்துவுக்கு,

தங்கை கொளஞ்சி எழுதுவது. அம்மா சுகம், நான் சுகம், சிவப்புக் கிடேரி சினையாக இருக்கிறது. உன் சுகத்துக்குப் பதில் எழுது. இதை உட்கார்ந்து படிக்கவும்.

சண்டையில் நம் ஆட்கள் பிடித்த எதிரி விமானம் கள்ளக்குறிச்சி மைதானத்துக்குக் காட்சிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. லாரியில் ஏற்றக் கழற்றிய இறக்கைகளைப் பக்கத்திலேயே கட்டைமேல் கிடத்தியிருக்கிறார்கள். முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. கல்வராயன் மலையிலிருந்து தேன் விற்க இறங்கியவர்கள்கூட நின்று பார்த்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். திருஷ்டி நமக்கா விமானத்துக்கா என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இப்போது அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. திருப்பி எடுத்துப்போக யாரும் வரவில்லை. காவல்காரர் சடையன் மட்டும் இன்னும் தொப்பியோடு நிற்கிறார்.

அண்ணா, அதைப் பிடித்த இடத்தைப் பற்றி "நானும் அங்கே இருந்தேன்" என்று ஒரே வரி எழுதி நிறுத்திவிட்டாய். மீதியை அம்மா சொல்லிவருகிறாள். அந்த விமானத்தைப் பிடித்ததே நீதானாம்.

நீ பட்டாளத்தில் சமையல்காரன் என்று எனக்குத் தெரியும். உன் கடிதங்களில் மஞ்சள் விரல் பதிந்திருக்கிறது. முந்நூறு பேருக்குக் காரக்குழம்பு வைக்கப் புளி எவ்வளவு என்று ஒரு நண்பனுக்காகக் கேட்டிருந்தாயே, அந்த நண்பன் யார் என்றும் தெரியும். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன்.

ரிஷிவந்தியம் பொன்னுரங்கம் தன் மகள் சின்னப்பொண்ணை உனக்குத் தரலாமா என்று யோசித்தார். பெண் மைதானத்தை ஒட்டிய பெரியம்மா வீட்டில் இருந்ததால் அங்கே பார்க்கப் போனோம். விமானத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு என்றார். சம்மதம் ஆகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பசி மயக்கத்தில்தான் அப்படிப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"மாடு மாதிரி மொரண்டு புடிச்சிதுங்க. எம்புள்ளதான் கயிறு போட்டு இஸ்துக்கினு வந்தான்" என்றாள்.

பொன்னுரங்கம் விமானத்தை ஒரு சுற்று வந்தார். அடிவயிற்றில் பெயின்ட் தேய்ந்து ஒரு தடம் இருந்தது. அதைத் தடவிப் பார்த்து, "மெய்தாம்மா, கயித்துத் தடம் இன்னும் இருக்குதே" என்றார். அது லாரியில் கட்டிய கயிற்றின் தடம். சடையன் சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

சின்னப்பொண்ணு அப்போது இறக்கைமேல் வெங்காய வடகம் திருப்பிக்கொண்டிருந்தாள். தகடு நன்றாகச் சுடுவதால் அந்தத் தெருவே அங்கேதான் காயவைக்கிறது. என்னை வால் பக்கம் கூட்டிப்போய், ஏரோப்ளேனைக் கயிறு போட்டு இழுப்பவரைக் கட்டிக்கொள்ள முடியாது, உண்மையில் என்ன வேலை என்று கேட்டாள். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும், உனக்குத் தெரியாததா? சொல்லிவிட்டேன். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கையில் ஒட்டிய வடகத்தைத் தட்டிவிட்டு, "எங்க வூட்ல ஒம்போது பேரு. ஏழு வயசுலேர்ந்து நான்தான் ஆக்கறேன். ஒரு நாளாச்சும் இன்னொருத்தர் ஆக்கி நான் துன்னணும்" என்றாள். பிறகு நேரே அப்பாவிடம் போய்ச் சம்மதம் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா அங்கே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பொன்னுரங்கம் ஊர் ஊராகக் கயிற்றுத் தடத்தைப் பற்றிச் சொல்லிவருகிறார். அவருக்கு உண்மையை நீயே எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் தேதி குறிக்க விடுவேன் என்பது சின்னப்பொண்ணின் கட்டளை.

இத்துடன் வரும் பொட்டலத்தில் இருப்பது அவள் போட்ட வடகம், எதிரியின் இடது இறக்கையில் காய்ந்தது. முந்நூறு பேருக்குத் தாளித்துவிடாதே. உனக்கு மட்டும் தாளித்துக்கொள். கையோடு ரிஷிவந்தியத்துக்குக் கடிதம் எழுது. மஞ்சள் பட்டால் துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் கடிதத்தை எதிர்பார்க்கும் தங்கை,
கொளஞ்சியம்மாள்
(பத்தாம் வகுப்புக்குப் போகிறேன்)